லயத்தில் ‘வாடிட்டியே’, கொழும்பில் ‘ஊதிட்டியே’: ஒரே உடம்புக்கு இரண்டு தீர்ப்பு

பீலிக்கரை | ஞாயிறு, இரவு 9.40

ஊருக்குப் போய்விட்டு இப்போதுதான் கொழும்புக்கு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் வரும்போதே எழுத நினைத்தது.

வெள்ளிக்கிழமை இரவு தலவாக்கலையில் இறங்கி, ஓட்டோ பிடித்து எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அந்த வரிசை வீட்டுக்குப் போனேன். இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாயி என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாள். “என்னடி இப்படி வாடிப் போயிட்ட, கொழும்புல சோறு போடுறாங்களா இல்லையா?” அன்றைக்கு ராத்திரி மூன்றாவது ரொட்டியை நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் தட்டில் வைத்தாள். இன்று மத்தியானம் வத்தளையில் சித்தி வீட்டில் இறங்கினேன். கதவைத் திறந்ததும் முதல் பேச்சு: “ஏய், ஊதிட்டியே! இப்படியே போனா எவன் பார்ப்பான்?”

இடையில் ஒன்றரை நாள். ஒரே உடம்பு. 152 சென்ரிமீற்றர் உயரம், 58 கிலோ. வழியில் எங்கேயும் ஊதவுமில்லை, வாடவுமில்லை.

சித்தியும் அதே லயத்தில் பிறந்து, அதே பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள்தான். பிறகு எங்கே மாறியது? அப்பாயி அழுததும் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். என்றாலும் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சித்தி சொன்னது மட்டும் மத்தியானத்திலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீடுகளிலும் இப்படித்தானா?

தையல்மெஷின் | ஞாயிறு, இரவு 9.58

எங்கள் வீட்டில் இல்லை, கடையில் உண்டு. தினமும். நாளைக்கு விளக்கமாக எழுதுகிறேன், இப்போது ஒரு கல்யாண ஓடர் கையில் இருக்கிறது.

ஹட்டன் பையன் | ஞாயிறு, இரவு 10.15

பெண்களுக்கு மட்டும்தான் இந்தக் கஷ்டம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் 49 கிலோ. பள்ளிக்கூடத்தில் என் பெயரே ‘ஈர்க்குச்சி’. ஒன்றரை வருடமாக ஜிம் போகிறேன், சம்பளத்தில் கால்வாசி புரோட்டீன் மாவுக்குப் போகிறது. அம்மாவுக்கு நான் இன்னும் மெலிவு. இன்ஸ்டகிராமில் பார்க்கும் பையன்களுக்கு நான் இன்னும் கொசு. அக்கா, உங்களுக்கு இரண்டு தீர்ப்பாவது உண்டு, எனக்கு எந்தப் பக்கம் போனாலும் ஒரே தீர்ப்பு.

பழைய கணக்கப்பிள்ளை | திங்கள், காலை 6.05

பிள்ளை, உங்க அப்பாயிக்கு என்ன வயசு? எழுபத்தைந்துக்கு மேல் என்றால் அந்த அழுகைக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

1974இல் எனக்கு 17 வயது. அதற்கு முந்தின வருடமே அரிசிக் கூப்பன் குறைந்துவிட்டது, கோதுமை மா கிடைக்கவில்லை, பாணுக்கு விடியற்காலையில் போய் வரிசையில் நிற்க வேண்டும். நாட்டில் எல்லாருக்கும் தட்டுப்பாடுதான். ஆனால் ஒரு துண்டு நிலம் உள்ள கிராமத்தானுக்கு ஒரு பலாமரமாவது இருந்தது. லயத்துக்காரனுக்கு எது இருந்தது? தோட்டங்களில் சாவு கூடியது. வேலை நாட்களையும் குறைத்தார்கள். தோட்டத்தை விட்டு டவுனுக்கு இறங்கிக் கையேந்திய குடும்பங்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மரவள்ளிக் கிழங்கைத் தின்று தின்று முகம் வீங்கினவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த வீக்கத்தைப் பார்த்து யாரும் ‘சதை வச்சிருக்கு’ என்று சொல்லவில்லை. எது சதை, எது நீர் என்று அன்றைக்கு எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருடங்களைத் தாண்டி வந்த பெண்ணுக்கு எலும்பு தெரியும் மணிக்கட்டு அழகாகத் தெரியாது. அவள் பார்ப்பது உன் அழகை அல்ல, நீ அடுத்த பஞ்சத்தைத் தாங்குவாயா என்பதை.

அப்புறம் ஒன்று. எங்கள் காலத்தில் தொப்பை இருந்தவர்கள் மூன்றே வகை: தோட்டத்துத் துரை, பெரிய கிளாக்கர், டவுன் கடை முதலாளி. அதற்கு முந்தின தலைமுறையில், ஆட்களைக் கூட்டிவந்து வேலை வாங்கிய பெரிய கங்காணி. கோட்டும் தலைப்பாகையும் போட்டு ஸ்டூடியோவில் எடுத்த கங்காணிப் படங்களில் அந்த வயிறுதான் முன்னால் நிற்கும். அது சம்பாதித்த வயிறு, யாரும் உள்ளே இழுத்து மறைக்கவில்லை.

நான் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பிள்ளைகள் ஓடிவந்து தராசுக் கொக்கியில் தொங்குவார்கள். நான் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “பதினொரு கிலோ, பச்சைக் கொழுந்து, தண்ணிக்கும் சாக்குக்கும் ரெண்டு கழிவு, ஒம்போது” என்று கத்துவேன். பிள்ளை, “இல்ல சார், பதினொண்ணு போடுங்க” என்று சண்டை பிடிக்கும். தன் நிறை குறைந்துவிட்டதே என்று அழுத பிள்ளைகளும் உண்டு. அவர்கள் அம்மாமாரும் அதே தராசில் அதே சண்டையைத்தான் என்னிடம் பிடித்தார்கள். 18 கிலோவோ 20 கிலோவோ, தோட்டம் கேட்கிற அளவு வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். எங்கள் ஊரில் நிறை என்றால் எப்போதும் கூடத்தான் வேண்டும்.

வார்டு ஏழு | திங்கள், மாலை 4.30

நான் தாதி. இருபது வருடமாக மலைநாட்டில்தான் வேலை. ஐயா எழுதியதைப் படித்துக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அப்பாயியும் சித்தியும் இரண்டு பேரும் வெளியேதான் பார்க்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது பொருந்தாது. “நான் ஒல்லிதானே மிஸ், எனக்கு எப்படி சீனி வருத்தம் வரும்?” இந்தக் கேள்வியை எத்தனை தடவை கேட்டிருப்பேன்! நெஞ்செலும்பு தெரியும், கை கால் குச்சி, வயிறு மட்டும் சின்னக் குடம் போல. இரத்தத்தில் சீனி முன்னூறு.

2004இல் லான்செற் மருத்துவ இதழில் ஒரு படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் இங்கிலாந்து டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற நிறைக் கணக்கு, 22.3, புள்ளி கூட மாறவில்லை. ஆனால் உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். அதே வருடம் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் ஆசியர்களுக்கு 25 வரை காத்திருக்காதீர்கள், 23இலேயே கவனிக்கத் தொடங்குங்கள் என்றது. பீலிக்கரை தங்கச்சி, உங்கள் கணக்குக்கு பிஎம்ஐ 25.1 வருகிறது. பயமுறுத்தவில்லை. இடுப்பை அளந்து பாருங்கள், எங்கள் நாட்டுப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர்தான் எல்லை.

அது ஏன் இப்படி என்பதில்தான் ஐயா சொன்ன பஞ்சம் திரும்பி வருகிறது. தாயின் வயிற்றிலேயே பட்டினி கிடந்த பிள்ளையின் உடம்பு, கிடைப்பதைக் கொழுப்பாகச் சேர்த்து வைக்கப் பழகுகிறது. பிறகு அதற்குக் கோதுமை ரொட்டியும் மூன்று கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியும் நாள் முழுக்கக் கிடைத்தால் என்ன ஆகும்? 2016 கணக்கெடுப்பில் நாட்டில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 17.3 சதவீதம். தோட்டப் பகுதியில் மட்டும் 31.7. நான் பேசுவது அழகைப் பற்றி இல்லை.

பீலிக்கரை | திங்கள், மாலை 6.10

மிஸ், கோபம் ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் சொல்வதையும் சித்தி சொல்வதையும் கேட்கும்போது எனக்குள் ஒரே சத்தம்தான் கேட்கிறது. சித்தியும் கடைசியில் “ஹெல்த்துக்குத்தான் சொல்றேன்” என்றுதான் முடிப்பாள். ‘எவன் பார்ப்பான்’ என்று தொடங்கிய பேச்சு அது.

வார்டு ஏழு | திங்கள், மாலை 6.25

அது நியாயம். சித்தி உங்கள் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கிறாரா?

பீலிக்கரை | திங்கள், மாலை 6.26

இல்லை. :)

திரும்பி வந்தவள் | திங்கள், இரவு 11.50

நான் எழுதுவதில் பிழை இருந்தால் மன்னியுங்கள். குவைத்தில் ஒரு வீட்டில் மூன்று வருடம் வேலை செய்தேன். போகும்போது 44 கிலோ, திரும்பி வரும்போது 58. தங்கச்சியின் கிலோவேதான்.

ஊரே பார்க்க வந்தது. “நல்லா சதை வச்சு, வெளுத்து, ஆளே மாறிட்டா”, “நல்ல வீடு கிடைச்சிருக்கு போல”. என் மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. நானும் சிரித்துக்கொண்டு நின்றேன்.

அந்தச் சதை எப்படி வந்தது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மூன்று வருடமும் வெயிலைப் பார்க்கவில்லை, அதனால் வெளுத்தேன். கதவு பூட்டியிருக்கும், குப்பை போடக்கூட வெளியே விடமாட்டார்கள். மலையில் ஏறி இறங்கிய கால் அந்த நான்கு அறைக்குள் நடந்தது. எல்லாரும் சாப்பிட்டு முடிந்து இரவு ஒரு மணிக்கு, மிஞ்சின சோறும் குப்பூஸ் ரொட்டியும்தான் என் சாப்பாடு. தூக்கம் நான்கு மணி நேரம். பிள்ளைகளை நினைத்து அழுகை வந்தால் இன்னும் கொஞ்சம் சாப்பிடுவேன்.

இப்போது திரும்பவும் கொழுந்துக்குப் போகிறேன். 49 வந்துவிட்டது. “ஏன் இப்படிக் கரைஞ்சு போயிட்ட, வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா?” என்று கேட்கிறார்கள். நான் நன்றாகத் தூங்குகிறேன்.

தையல்மெஷின் | செவ்வாய், காலை 7.15

தங்கச்சி, உங்க எழுத்தில் ஒரு பிழையும் இல்லை.

பேராதனை மேசை | செவ்வாய், பகல் 1.20

மேலே உள்ள பதிவுக்குப் பிறகு நான் எழுதுவது வெறும் படிப்புப் பேச்சாக இருக்கும், பரவாயில்லை.

அப்பாயி அழுததைப் படித்ததும் பிஜித் தீவு ஞாபகம் வந்தது. அங்கேயும் நல்ல கனத்த உடம்புதான் மரியாதை. ஒருவர் மெலிந்தால் அவரைக் குறை சொல்லமாட்டார்கள், அவரைச் சேர்ந்தவர்கள் சரியாகக் கவனிக்கவில்லை என்றுதான் பேசுவார்கள். “சோறு போடுறாங்களா இல்லையா” என்ற அதே கேள்வி! அங்கே நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த வருடமும் 1998இலும் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார். உடம்பைக் குறைக்கச் சாப்பிட்டதை வாந்தி எடுப்பவர்கள் முதல் தடவை ஒருவரும் இல்லை. மூன்று வருடத்தில் 11.3 சதவீதம். மூன்றே வருடம்! நம் சித்திமாருக்கு முப்பது வருடம் கிடைத்தது.

மறுபக்கமும் உண்டு. மொரித்தானியாவில் சின்னப் பெண்களுக்கு ஒட்டகப் பாலையும் தானியக் கூழையும் வலுக்கட்டாயமாகப் புகட்டிக் கல்யாணத்துக்குக் கொழுக்க வைப்பார்கள். வாந்தி எடுத்தாலும் விடமாட்டார்கள். நைஜீரியாவில் எஃபிக் மக்களிடம் பெண்ணைத் தனி அறையில் வைத்து ஊட்டி வளர்க்கும் வழக்கம் இருந்தது. படித்துவிட்டு “சீ” என்று சொல்வதற்குள் எங்கள் அக்கா பெரியவளானபோது நடந்த சடங்கு ஞாபகம் வந்தது. குடிசைக்குள் உட்கார வைத்து, விடிந்ததும் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், அப்புறம் உளுந்தங்களி. அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கியது இன்னும் கண்ணில் நிற்கிறது. அளவு வேறு, ஆனால் எண்ணம் ஒரே கிளை.

தமிழிலும் பாருங்கள். ‘கொடியிடை’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அந்தக் காலத்திலேயே மெலிவுதான் அழகு என்று சிலர் சொல்கிறார்கள். இடைதான் கொடி. தோளுக்கு ‘பணைத்தோள்’ என்றார்கள், பருத்த மூங்கில் போன்ற தோள். அந்தத் தோள் மெலிந்து, வளையல் தானாகக் கழன்று விழுந்தால் அது அழகு அல்ல, போனவன் இன்னும் வரவில்லை என்பதன் அடையாளம். சங்கப் பாட்டில் மெலிவு ஒரு துக்கச் செய்தி. அப்பாயி உங்கள் கையைப் பிடித்துப் பார்த்ததும் அதே இடத்தைத்தான். அவர் பாட்டுப் படித்தாரா என்ன?

பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சிகிரியா போகாதவர்கள் இங்கே யாரும் இருக்கமாட்டார்கள். ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம். அந்தப் பெண்களுக்கும் சின்ன இடை, நிறைந்த மார்பு, உருண்டையான கை. அதில் கறுப்பு நிறப் பெண்களும் பொன்னிறப் பெண்களும் சேர்ந்தே...

ஹட்டன் பையன் | செவ்வாய், பகல் 1.45

நிறத்தைப் பேசினால் இந்த இழை நூறு பக்கம் போகும் அண்ணே. எங்க டவுனில் வெள்ளையாக்கும் கிறீம் விற்காத கடை...

மட்டுறுத்துநர் | செவ்வாய், பகல் 2.00

நிறத்துக்குத் தனி இழை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. பதினெட்டுப் பதிவுகளை அங்கே மாற்றிவிட்டேன். இங்கே உடம்பு.

ஹட்டன் பையன் | செவ்வாய், பகல் 2.20

சரி, உடம்பு. பேராதனை அண்ணன் சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். டிவி வந்தது, போன் வந்தது, அதனால் கெட்டுப்போனோம் என்றால் ரொம்பச் சுலபமாக இல்லையா? எங்கள் தோட்டத்தில் மாசி மாசம் மன்மதன், ரதி கதையைக் காமன்கூத்தாக ஆடுவார்கள். ரதி வேஷம் ஆண்தான் கட்ட வேண்டும். அதற்கு என்னைத்தான் பிடித்தார்கள், மூன்று வருடம் தொடர்ந்து. ஏன்? ‘ஒடிசலா இருக்கான், சேலை கட்டினா நிக்கும்.’ மதனுக்கு நெஞ்சு அகலமான ஆள். எண்பது வயதுக் கூத்து வாத்தியார்தான் தேர்ந்தெடுத்தார், அவரிடம் போன் கிடையாது. பெண் என்றால் ஒடிசல், ஆண் என்றால் அகலம் என்ற அளவு அவர் மண்டையில் முதலிலேயே இருந்தது.

ரதியாக நின்றபோது ஊரே என்னை அழகு என்றது. வேஷத்தைக் கலைத்ததும் திரும்ப ஈர்க்குச்சி.

பேராதனை மேசை | செவ்வாய், மாலை 3.05

தம்பி, இது நான் எழுதியதை விட நல்ல கேள்வி. என்னிடம் பதில் இல்லை. டிவி மேல் பழியைப் போட்டது கொஞ்சம் சோம்பேறித்தனம்தான்.

வார்டு ஏழு | செவ்வாய், மாலை 5.40

ஹட்டன் தம்பி, ஒன்று கேட்கிறேன், நேராகப் பதில் சொல்லுங்கள். அந்தப் புரோட்டீன் மாவோடு ஏதாவது குளிசையும் எடுக்கிறீர்களா? ‘சதை போடும் குளிசை’ என்று பெயர் இல்லாத பைக்கற்றில் விற்பதில் ஸ்டீராய்டு இருந்து நான் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்தில் முகம் பூரித்து வட்டமாகும், வீட்டில் எல்லாரும் “தேறிட்டான்” என்று சந்தோஷப்படுவார்கள். ஐயா சொன்ன மரவள்ளி வீக்கத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சீனி ஏறும், எலும்பு பலவீனமாகும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து, டாக்டரிடம் காட்டித்தான் நிறுத்த வேண்டும்.

ஹட்டன் பையன் | செவ்வாய், மாலை 5.55

தனிச் செய்தியில் எழுதுகிறேன் மிஸ்.

தையல்மெஷின் | செவ்வாய், இரவு 9.30

கல்யாண ஓடர் முடிந்தது. இப்போது சொல்கிறேன்.

பண்டாரவளையில் பத்தொன்பது வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்த ஊரில் டாக்டருக்கு அடுத்தபடி அதிக உடம்புகளைத் தொட்டுப் பார்த்தது நானாகத்தான் இருக்கும். டேப்பை எடுத்ததும் ஒவ்வொருத்தியும் மூச்சை உள்ளே இழுப்பாள். “விடுங்க அக்கா, சாப்பிட்டா கிழியும்” என்பேன். விடமாட்டார்கள். கல்யாணப் பெண் என்றால் இன்னும் மோசம். “ரெண்டு இஞ்ச் குறைச்சே தைங்க, அதுக்குள்ள மெலிஞ்சிடுவேன்.” இப்படிச் சொன்னவர்களில் சொன்னபடி மெலிந்தவர்கள் என் கணக்கில் நான்கு பேர். அதில் ஒருத்திக்கு டைபொயிட்.

அதனால் நான் ஒரு பொய் வேலை செய்வேன். சொன்ன அளவுக்குத் தைப்பேன், ஆனால் உள்ளே துணியை வெட்டாமல் இரண்டு தையல் விட்டு வைப்பேன். கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மாக்காரி பதறிக்கொண்டு ஓடிவருவாள். ஒரு தையலைப் பிரித்துவிட்டால் சரியாகிவிடும். “மெலிஞ்சிட்டா பாருங்க, அளவு பிடிச்சிருச்சு” என்று அவளும் சொல்வாள், நானும் தலையாட்டுவேன்.

கொழுந்துக்குப் போகும் அக்காமார் வேறு மாதிரி. அவர்கள் மூச்சை இழுப்பதில்லை, கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவார்கள், அவ்வளவுதான். கூடையின் தலைக்கயிறு போட்டுப் போட்டுக் கழுத்துப் பின்பக்கம் கெட்டியாக இருக்கும், தோள் இறுகி இருக்கும். ரெடிமேட் சட்டை அந்தத் தோளுக்கு ஏறவே ஏறாது. “என் உடம்புதான் சரியில்ல போல” என்று கடையில் வாங்கின சட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். எனக்கு அங்கேதான் ஆத்திரம் வரும். எங்கேயோ ஒரு ஃபெக்டரியில் எவளோ ஒருத்தியின் அளவுக்கு வெட்டின துணி அது. தன் தோள்தான் பிழை என்று இவள் ஏன் நினைக்க வேண்டும்? நாள் முழுக்கக் கூடையைத் தூக்குகிற தோள்!

இவர்களின் மகள்கள் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிறார்கள். தீபாவளிக்கு வந்தால் கை நீளமாகக் கேட்கிறார்கள், மேல்கை தெரியக் கூடாதாம். அம்மாவுடைய அதே கை.

பழைய கணக்கப்பிள்ளை | புதன், காலை 5.50

2022இல் மாவும் எரிவாயுவும் இல்லாமல் போனபோது என் பேத்தி சொன்னாள், “தாத்தா, நான் மூணு கிலோ குறைஞ்சிட்டேன்” என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு ஏன் என்று தெரியாது, நானும் சொல்லவில்லை. இந்த இழையை அவளுக்கு அனுப்பப் போகிறேன்.

பீலிக்கரை | புதன், இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. திரும்பி வந்த அக்காவுக்கு ரொம்ப நன்றி, உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன்.

மிஸ், இன்று கிளினிக்கில் சீனி பார்த்தேன், சரியாக இருக்கிறது. இடுப்பு 83. தேத்தண்ணியில் சீனியைக் குறைக்கிறேன், அது உங்களுக்காக. சித்தி நேற்று வீடியோ கோல் எடுத்தாள். “போனைக் கொஞ்சம் மேலே தூக்கு, தாடை ரெண்டாத் தெரியுது” என்றாள். அப்போதுதான் கவனித்தேன், அவள் தன் போனைத் தலைக்கு மேலே பிடித்திருந்தாள், கை வலித்து அடிக்கடி மாற்றிக்கொண்டே. சின்ன வயதில் அவளை லயத்தில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அப்பாயியிடம் கேட்டேன். “குண்டுமணி” என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு அது செல்லப் பெயர். சித்திக்கு என்னவாக இருந்தது என்று தெரியவில்லை, கேட்கவும் பயமாக இருக்கிறது.

தையல் அக்கா, தீபாவளிக்கு ஒரு சாரி ப்ளவுஸ் தைக்க வேண்டும். கொழும்பில் இருந்தே அளவு அனுப்பினால் எடுப்பீர்களா?

தையல்மெஷின் | புதன், இரவு 9.02

எடுப்பேன். மார்பு, இடை, தோள், மேல்கை நான்கும் வேண்டும். மூச்சை விட்டுவிட்டு அளக்க வேண்டும். கை நீளம் எவ்வளவு?

பீலிக்கரை | புதன், இரவு 9.20

மூச்சை விட்டுத்தான் அளந்தேன். மார்பு 36, இடை 33, தோள் பதினாலரை, மேல்கை பன்னிரண்டே முக்கால். கை நீளம்... குட்டைக் கையாகவே வையுங்கள்.